நீலக் கவுனில் ஐந்து காஜா

பிள்ளைகளின் கைகளை வேலை செய்ய வைப்பதற்காக வந்தவள், தன் கைகளை எப்போதும் கட்டியே வைத்திருந்தாள். அவளை அறிந்த எந்தத் தாயிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வாள். மார்புக்குக் குறுக்கே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, ஒரு பிள்ளை டப்பா மூடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எவ்வளவு நேரமானாலும் நிற்பாள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "அந்த டீச்சரா, தங்கமான பிள்ளைல்லா" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். நேரில் "டீச்சர், வாங்க, போங்க" என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. அவள் என்றே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் பண்டம் போட்டு வைத்திருந்த அறையை ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்தது. விரல்கள் சரியாக வேலை செய்யாத பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி. சனிக்கிழமை தோறும் மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. முதல் நாள் அந்தப் பையை அவள் தரையில் கவிழ்த்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துணி காயப்போடும் கிளிப், பழைய காலண்டர் தாள், இங்க் ஃபில்லர், கோலிக்குண்டு, இடுக்கி, ஷூ லேஸ், மூடி போட்ட டப்பாக்கள். ஒரு மிஷின் இல்லை, ஒரு மருந்து இல்லை. கழுகுமலையிலிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

"எம்மா, பயறும் மொச்சையும் பிரிச்சுப் போடுததுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்? எங்க வீட்ல ஒரு சொளவு பயறு பொறுக்காமக் கெடக்கு."

"அப்ப அடுத்த வாரம் அதையும் கொண்டாந்துருங்கக்கா. ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்" என்றாள் அவள், சிரிக்காமல். அந்தக் கழுகுமலைக்காரி அடுத்த வாரம் நிஜமாகவே ஒரு பை பயறு கொண்டுவந்தாள்.

என் மகள் கனகாவுக்கு அப்போது ஐந்து வயது. பிறந்தபோது அழத் தாமதமானது. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, புத்தியில் ஒரு குறையும் இல்லை, விரல்கள்தான் சொன்னபடி கேட்காது, பழக்கினால் வரும் என்றார். வாய் ஓயாமல் பேசுவாள். கீழே கிடக்கும் ஒரு பட்டாணியை எடுக்கச் சொன்னால் உள்ளங்கையால் வழித்து வழித்துச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவாள். நானோ தையல்காரி. தெருவில் பாதிப் பிள்ளைகளின் யூனிபாரத்துக்குப் பட்டன் வைத்துக் கொடுத்தவள். என் பிள்ளைக்குத் தன் சட்டையில் ஒரு பட்டன் போடத் தெரியாது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை நல்லவர்தான். ஆனாலும் கறாராகச் சொல்லிவிட்டார். "அம்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர். யாரு உடுப்பு மாட்டிவிடுவா? தானா உடுத்திக்கிடட்டும், பென்சில் பிடிக்கட்டும். அன்னைக்கே சேத்துக்கிடுதேன்." அன்றிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் பட்டன் என்று ஆகிவிட்டது.

அந்த அறையில் பிள்ளைகள் விளையாடுவதாகத்தான் நினைத்தார்கள். கிளிப்புகளுக்கு முதலை என்று பெயர். அட்டைப்பெட்டியின் விளிம்பு ஆற்றங்கரை. ஒவ்வொரு முதலையின் வாயையும் பிளந்து கரையைக் கடிக்க வைக்க வேண்டும். கிளிப்பின் வாயைப் பிளப்பதற்குள் சில பிள்ளைகளுக்கு வியர்த்துவிடும். இங்க் ஃபில்லரில் சொட்டுநீலம் கலந்த தண்ணீரை உறிஞ்சி, செய்தித்தாளில் வட்டம் போட்ட இடங்களில் மட்டும் மழை பெய்ய வைக்க வேண்டும். கரிசல் மண்ணைக் குழைத்து உருண்டை பிடித்து, உள்ளே தட்டாம்பயறை ஒளித்துக் கொடுப்பாள். காய்ந்த உருண்டையை நகத்தால் சுரண்டிப் புதையல் எடுக்க வேண்டும். பருத்தி வெடிக்கும் காலத்தில் ஒரு மடி பருத்தி வந்துவிடும். பஞ்சுக்குள்ளிருந்து கொட்டையைப் பிய்த்து எடுப்பது. கொட்டை பஞ்சை விட்டு லேசில் வராது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த மதுரைக்காரிக்கு அது எப்படித் தோன்றியது என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம்.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குபவர். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவரிடம் மருந்து முக்காத கழிவுக் குச்சி கேட்டு வாங்கினாள். உடனே புரளி கிளம்பிவிட்டது. குச்சி அடுக்கப் பழக்குகிறாள், பிள்ளைகளை ஆபீசுக்குப் பிடித்துக் கொடுக்கப் போகிறாள் என்று. மறு சனிக்கிழமை அத்தனை தாய்களும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். மண் உருண்டையில் குச்சியைக் குத்தி முள்ளம்பன்றி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு முள்ளம்பன்றிக்கு ஒரு பக்கம் மட்டும் முள். அதைச் செய்தவள் கனகா.

தாய்களின் கைதான் அவளுக்கு எதிரி. பிள்ளை தடுமாறினால் நமக்குக் கை தானாக நீளும். அவள் ஒன்றும் திட்ட மாட்டாள். மூலையில் இருக்கும் பானையிலிருந்து இரண்டு தம்ளர் தண்ணீரை விளிம்பு வரைக்கும் மொண்டு, அந்தத் தாயின் கைக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவாள். பிள்ளை வேலையை முடிக்கும் வரைக்கும் அதைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் மாதத்தில் எனக்குத் தம்ளர் இல்லாத சனிக்கிழமையே கிடையாது.

"உங்க கை உதவுனா, அவ கை எதுக்குக்கா இருக்கு?" என்பாள்.

"பாவமா இருக்கு டீச்சர்."

"பாவப்படுங்க. தண்ணியச் சிந்தாமப் பாவப்படுங்க."

ஒரு நாள் இடைசெவல் பக்கத்துப் பையன் ஒருவன், தன் சாப்பாட்டு டப்பாவைத் தானே திறந்தால்தான் சாப்பாடு என்று இவளிடம் மாட்டிக்கொண்டான். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டார்கள். அவன் அம்மா இரண்டு தம்ளரோடு அழுதுகொண்டு நிற்கிறாள். இவள் கை கட்டியபடி. மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மண்டபத்து வாட்ச்மேன் வந்து சொன்னார். தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் போய்விட்டது. மூடி ஒரு வழியாகத் தெறித்து, உள்ளேயிருந்த புளிச்சோறு பாதி தரையில் கொட்டியது. அவள் அதற்கும் குனியவில்லை. "திறந்துட்டான்ல" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, டப்பாவில் மிச்சமிருந்த சோற்றில் ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றாள். இதைப் பார்த்துத்தான் நான் அவள் பக்கம் முழுதாகச் சாய்ந்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியம் அவளுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று ஆயிற்று. கனகா பிசைந்து, சிந்தி, திரும்ப எடுத்துச் சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும். கடைசியாக எழுந்திருப்பது எப்போதும் கனகாதான். அதில் அவளுக்கு ஒரு கூச்சம் உண்டு. இவள் கனகாவின் வேகத்துக்குத் தன் சாப்பாட்டை இழுப்பாள். கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கனகா கடைசி வாய் வைத்த பிறகுதான் இவள் கடைசி வாய் வைப்பாள். "நான்தான் தோத்தேன்" என்பாள். என் பிள்ளை சிரிப்பதைப் பார்க்க வேண்டுமே. சொந்தத் தங்கைகூட அப்படி உட்கார்ந்ததில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். நான் காஜா கையால்தான் எடுப்பேன். பட்டன் நுழையும் ஓட்டையை வெட்டி, ஓரம் பிரியாமல் நூலால் கட்டுவது. அதைக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். அவளுக்கு இடக்கைப் பழக்கம். என் தையல் வலப்பக்கம் சாய்ந்தால் அவள் தையல் இடப்பக்கம் சாயும். நூலையும் தேவைக்கு மேல் இழுத்து, துணியைச் சுருங்க வைத்துவிடுவாள்.

"ஊருக்கெல்லாம் விரல் பழக்குதீங்க, உங்க விரலுக்கு நான்தான் பழக்கணும் போல" என்று கேலி செய்வேன்.

"பழக்குங்க. ஆனா தொடாமப் பழக்குங்க" என்று ஊசியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான் நீலக் கவுன் உருவானது. யோசனை அவளுடையது, வேலை என்னுடையது. வளரும் பிள்ளை என்று தொளதொளப்பாக, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. ஐந்து பட்டன். அடியில் இருப்பது எட்டணாக் காசு அகலம். மேலே போகப் போகச் சின்னதாகி, கழுத்துக்குக் கீழே உள்ளது சாதாரணச் சட்டைப் பட்டன். காஜாவும் அதே கணக்கில், அடியில் பெரிதும் தளர்வுமாக, மேலே சின்னதும் இறுக்கமுமாக. கனகா தன் பாவாடை சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு அடியிலிருந்து ஆரம்பிப்பாள். என் பதினைந்து வருடத் தையலில் அந்த ஐந்து காஜா மாதிரி நான் எடுத்ததில்லை. முதல் பட்டன் நுழைய நான்கு மாதம் ஆனது. அது நுழைந்த அன்றைக்கு நான் தம்ளரைச் சிந்திவிட்டேன். "பரவால்லக்கா, இன்னைக்குச் சிந்தலாம்" என்றாள்.

இரண்டு வருடம் போனது. கனகாவுக்கு ஏழு வயது. மூன்று பட்டன் போடுவாள். பதினொரு நிமிடம் ஆகும். பென்சிலை மூன்று விரலில் பிடித்துத் தன் பெயரை எழுதுவாள். இன்னும் இரண்டு பட்டன், அவ்வளவுதான் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அறைக்குப் பணம் கொடுப்பவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அவர்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால் அறை மூடப்படும் என்று பேச்சு. அதற்கு முந்தின சனிக்கிழமை அவள் நீலக் கவுனைக் கேட்டாள்.

"ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும்க்கா. இஸ்திரி போட்டுக் கொண்டாரேன்."

என் தையலைப் பெரிய ஆட்களுக்குக் காட்டப் போகிறாள் என்று நினைத்து நானே மடித்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு மண்டபத்துக்குள்ளேயே நாற்காலி போட்டிருந்தார்கள். தாய்கள் பின்வரிசை. பார்க்க வந்தவர்கள் ஐந்து பேர், கழுத்தில் மாலையோடு. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்தார்கள். ஒருவன் முதலைகளைக் கடிக்க வைத்தான். ஒருத்தி கோலிக்குண்டை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். கனகாவின் முறை வந்தது. நீலக் கவுன் இஸ்திரி மடிப்போடு பளிச்சென்று இருந்தது. மேடையில் அவள் நிற்பதைப் பார்த்தே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினொரு நிமிடத்தை எப்படிப் பொறுப்பார்களோ என்று அதுவேறு கவலை.

அடிப் பட்டனில் கையை வைத்தாள். டிக். அடுத்தது, டிக். அடுத்தது. ஐந்தும் முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மண்டபமே கை தட்டியது. கழுகுமலைக்காரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏட்டி, ஒம்மவ போட்டுட்டாட்டி."

காஜாவில் நுழையும் பட்டனுக்குச் சத்தம் கிடையாது. அந்தக் கூட்டத்தில் அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் கை தட்டவில்லை. கனகா மேடையிலிருந்து என்னைத் தேடினாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் மட்டும் அங்கே ஓரத்தில் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பின்னறையில் கவுனைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். என் ஐந்து காஜாவையும் அடைத்துத் தைத்திருந்தது. அதன்மேல் பட்டன்களை அசையாமல் வைத்துத் தைத்து, அடியில் அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் பிரஸ் பட்டன் வைத்திருந்தது. நீலத்துக்கு நீலம் சேராத நூல். துணி சுருங்கியிருந்தது. தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கற்றுக்கொடுத்தவள் நான்தானே, யாருடைய கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, இனி அமுக்குனாப் போதும்னு டீச்சர் சொன்னாவ" என்றாள் கனகா. "மெதுவாப் போட்டா பாக்க அவியளுக்கு நேரமில்லையாம்."

வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, பானைக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

"காஜாவ அடைச்சது நீங்கதான டீச்சர்?"

"ஆமாக்கா."

"எம்பிள்ள மூணு பட்டன் போடுவா. அதக் காட்டியிருக்கலாம்லா?"

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு நிமிசம்னு சொல்லிட்டாங்கக்கா. ரெண்டு நிமிசத்துல கனகாவுக்குப் பட்டன் ஓட்டையக் கண்டுபிடிக்கத்தான் நேரம் இருக்கும். ஒண்ணும் வரலைன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. ரூம மூடிட்டா இருபத்திரண்டு பிள்ளைங்க எங்கிட்டுப் போகும்?"

"அதுக்கு எம்பிள்ளதான் கெடச்சாளா?"

பானையின் மூடியை எடுத்து நேராக வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் என்ன சொன்னாலும் ஏன்னு கேக்காமச் செய்யுறவ அவ ஒருத்திதான்க்கா."

அதை அவள் பெருமையாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. எந்தப் பிள்ளைக்கும் சுண்டுவிரல் கொடுத்து உதவாதவள். டப்பா மூடிக்காகப் பஸ்ஸை விட்டவள். நான் அவளிடம் கோபப்பட்டுக் கத்தியிருக்க வேண்டும். கவுனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் மறந்துகூட இருப்பேன். அறை தப்பித்தது. அடுத்த சனிக்கிழமை போனால் வருகைப் பதிவேட்டில் கனகாவின் பெயரைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பயிற்சி நிறைவு என்று எழுதியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சான்றிதழை நீட்டினாள்.

"ஹெட் ஆபீஸ்லருந்து சொல்லிட்டாங்கக்கா. எல்லாம் செய்யுற பிள்ளைய இனி வச்சிருக்கக் கூடாதாம். அந்த எடத்துக்கு வேற பிள்ளையச் சேக்கணுமாம்."

"எல்லாம் செய்யுதாளா? எதுல செய்யுதா? நீங்களே சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை நானே உங்க வீட்டுக்கு வாரேன். மிச்சம் ரெண்டு பட்டனையும் நான் பாத்துக்குறேன். சத்தியமாக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை கனகா காலையிலேயே கரிசல் மண்ணைக் குழைத்து உருண்டை பிடித்து வைத்துவிட்டாள். பயறு ஒளிக்கும் வேலையை இந்த முறை தானே செய்யப் போகிறாளாம், டீச்சர் தேடி எடுக்க வேண்டுமாம். நான் டீச்சருக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பட்ட பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். மதுரை பஸ் எல்லாம் வந்து போனது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு உருண்டைகள் காய்ந்து வெடித்துவிட்டன. அவளுக்கு மதுரையிலேயே பெரிய பொறுப்புக் கொடுத்துவிட்டார்கள், இனி வேறு பெண் வருவாள் என்று மண்டபத்து வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சான்றிதழைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதில் 'தானே உடுத்திக்கொள்ளும் திறன் பெற்றுவிட்டாள்' என்று முத்திரையோடு எழுதியிருந்தது. வீட்டில் நான் உடுத்தி அனுப்பினேன். இரண்டாவது வாரம் விளையாட்டில் அவள் சட்டைப் பட்டன்கள் கழன்றுவிட்டன. போடு என்றார் வகுப்பு டீச்சர். எனக்குப் போட வராது என்றாள் கனகா. வரும் வரைக்கும் வெளியே நில் என்றார். சாயங்காலம் என் பிள்ளை தெருவில் நடந்து வருகிறாள், இரண்டு முஷ்டியாலும் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. புத்தகப் பையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கிக்கொண்டு வந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். தலைமை ஆசிரியை சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். "தெரியும்னுதான எழுதியிருக்கு. வீம்புக்குப் போட மாட்டேங்கா. செல்லம் கொடுத்து வச்சிருக்கீங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சான்றிதழ் பொய்யாகும், பள்ளிக்கூடமும் போகும். "சரிங்க, சொல்லி வைக்கேன்" என்று திரும்பினேன். அவள் சொன்ன பொய்யை நான் கட்டிக்காக்க வேண்டியதாயிற்று. அதோடு நிற்கவில்லை. அன்றைக்கே கனகாவின் யூனிபாரச் சட்டைகளை எடுத்து, காஜாவை அடைத்து, மேலே பட்டனும் அடியில் பிரஸ் பட்டனும் வைத்துத் தைத்தேன். அவள் செய்ததைத்தான் செய்தேன், அவளைவிடச் சுத்தமாக. ஒவ்வொரு தையலுக்கும் அவளைத் திட்டினேன்.

பிறகு நீலக் கவுனை எடுத்தேன். பிளேடால் அவள் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, பிரஸ் பட்டன்களைப் பிய்த்து எடுத்து, என் காஜாவைத் திரும்பத் திறந்தேன். கனகாவுக்கு அது பிடிக்கவில்லை. "டீச்சர்தான் அமுக்குனாப் போதும்னாவளே" என்று ஒரு மாதம் கவுனைத் தொடவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆரம்பித்தபோது மூன்று பட்டன் ஒன்றாகக் குறைந்திருந்தது. தினமும் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கவுன். நான் மிஷினை நிறுத்திவிட்டு எதிரில் நிற்பேன். கை நீளும் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டு கையிலும் விளிம்பு வரைக்கும் தண்ணீர். எங்களை ஏமாற்றியவள் சொல்லிக்கொடுத்த வழியைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. அதுதான் பெரிய எரிச்சல்.

ஒன்றரை வருடம் ஆனது. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டன், அந்தச் சின்னது, ஓட்டையில் பாதி நுழைந்து வெளியே வழுக்கி, திரும்ப நுழைந்து, கட்டைவிரல் அதைப் பிடித்து இழுத்துவிட்டது. சத்தம் ஏதும் கேட்கவில்லை. கனகா குனிந்து ஐந்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தம்ளர்களைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"அம்மா, டீச்சர்ட்டச் சொல்லணும்" என்றாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனசிலும் முதலில் வந்தது அவள் முகம்தான். அந்த ஐந்து பட்டனின் அருமை முழுதாகத் தெரிந்த ஆள் உலகத்தில் இன்னொருத்தி உண்டென்றால் அவள்தான். என் வீட்டுக்காரருக்குக்கூட அது பட்டன்தான்.

தபால் அட்டை வாங்கிவரச் சொல்லி, கனகாவே எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகும். 'அன்புள்ள டீச்சர், அஞ்சு பட்டனும் நானே போட்டுட்டேன். அம்மா தம்ளர் பிடிச்சா. தண்ணி சிந்தல. நீங்க எப்ப வருவீங்க. இப்படிக்கு கனகா.' மதுரை ஆபீஸ் விலாசத்தைச் சான்றிதழைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்தேன். மார்க்கெட்டுக்குப் போகும்போது போட்டுவிடு என்று என் கையில் தந்தாள்.

தபால்பெட்டி வரைக்கும் போனேன். அட்டையைப் பாதி உள்ளே விட்டும்விட்டேன். அதை அவள் படித்துச் சிரிப்பது கண்ணில் வந்தது. தன் கையால்தான் இந்தப் பிள்ளை தேறியது என்று நான்கு பேரிடம் காட்டுவாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அட்டையை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுட்டி."

தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். பொங்கல் வாழ்த்து வரும் காலம் வந்தது. வந்த வாழ்த்துகளையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். பள்ளி முழுப் பரீட்சையும் முடிந்தது. அட்டை என் மிஷின் மேஜையில், பட்டன் டப்பாவின் அடியில், அறுத்து எடுத்த அந்தப் பிரஸ் பட்டன்களோடு கிடந்தது. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. டீச்சருக்கும் எனக்கும் பொதுவாக மிச்சமானது அந்த டப்பாதான்.

கவுன் விஷயத்தில் டீச்சர் செய்தது தப்பு என்று கனகா ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் மனசில் டீச்சர் மேல் இருக்கும் குறை ஒன்றே ஒன்றுதான். ஒரு சாயங்காலம், யூனிபாரத்தில் நிஜக் காஜா எடுத்து வைத்த முதல் சட்டையின் பட்டனைத் தானே கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர் என்ன மறந்துட்டாவ போல. இல்லம்மா?"

நான் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"ஆமாட்டி" என்றேன். "மறந்துட்டாவ போல."